மணலில் ஒரு வரப்பு

அத்தியாயம் 6

படகு மணல்திட்டின் ஓரத்தில் தட்டி நின்றபோது மணி பதினொன்றேகால். முதலில் இறங்கியவர் சதீஷ். அவர் கால் நனையாமல் இறங்குவதற்காக ஹலீமா ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டாள். அவர் போட்டிருந்தது வெள்ளை ஷூ. மனைவியைக் கடலுக்குக் கொடுத்து மூன்றே நாள் ஆன மனிதர் காலையில் உட்கார்ந்து ஷூவைத் துடைத்திருக்கிறார் என்று கனிமொழிக்குத் தோன்றியது. துக்கத்தில் மனிதர்கள் என்னென்னவோ செய்வார்கள் என்று அந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்தாள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைத் தாண்டி, காயல் கடலில் சேரும் முகத்துவாரத்தில் கிடந்தது அந்தத் திட்டு. தெற்கே கடல், வடக்கே காயல். நடுவில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மணலும் சிப்பியும், எங்கிருந்தோ அடித்து வந்த மரக்கட்டைகளும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மின்சாரம் கிடையாது. கழிப்பறை என்பது ஒரு குழியும் நான்கு கீற்றும். இந்த இல்லாமையைத் தேடித்தான் ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். இரண்டு வருஷமாக ஹலீமா இதை நடத்திவந்தாள். கூடாரம், தண்ணீர் கேன், அரிசி, விறகு எல்லாம் கொடுத்துப் படகில் கொண்டுவந்து விடுவாள். மறுநாள் காலை வந்து அழைத்துப் போவாள்.

சனிக்கிழமை மதியம் அப்படி வந்து இறங்கியவள்தான் சதீஷின் மனைவி ஷோபனா. தனியாக வந்தாள். ஞாயிறு காலை ஹலீமா வந்தபோது கூடாரம் காலியாக இருந்தது. கடல் பக்கம் ஈரமணலில் ஒரு ஜோடி செருப்பு, அதன்மேல் மடித்துவைத்த துப்பட்டா. இரண்டு நாள் படகுகள் தேடின. உடல் கிடைக்கவில்லை.

இன்று புதன். மாலை நான்கு மணிக்கு ஹலீமா காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அவளுடைய கவனக்குறைவால்தான் மனைவி இறந்தாள் என்று சதீஷ் புகார் கொடுத்திருந்தார். அந்தப் புகாருக்கு வலுச் சேர்க்கத்தான் அவர் கனிமொழியை அமர்த்தினார். இடத்தைப் பார்த்து, என்னென்ன பாதுகாப்பு இல்லை என்று ஓர் அறிக்கை எழுதித் தந்தால் போதும் என்றார். திட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற படகு ஹலீமாவுடையது ஒன்றுதான்.

"புகார் கொடுத்தவரும் புகார் வாங்கினவங்களும் ஒரே வண்டியில," என்று சாரங்கபாணி கனிமொழியின் காதில் சொன்னார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ட்ரிப் பார்த்ததில்ல மேடம்."

சாரங்கபாணி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயது அறுபத்தொன்று. டெல்டாவில் அவருக்குத் தெரியாத பஸ் நிறுத்தம் கிடையாது என்பதால் கனிமொழி அவரை உதவியாளராக வைத்துக்கொண்டாள். வாய் மூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. அவளோ மயிலாடுதுறையில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருஷம் குப்பிகளோடு இருந்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் இன்றும் காது சிவக்கும். இரண்டு பேருக்குமான பேச்சை அவரே பேசிவிடுவதில் ஒரு வசதி இருந்தது.

காரில் வரும்போதே சதீஷ் மனைவியைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தார். சென்னையில் வளர்ந்தவள். கீழ்வேளூரில் தங்களுக்கு ஆறு வேலி நிலம் இருந்தும் எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வயலில் கால் வைத்ததில்லை. சேறு என்றால் அருவருப்பு. முன்கோபக்காரி. கோபித்துக்கொண்டு இரண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவையும் தானே போய் அழைத்து வந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. சனிக்கிழமை அவர் சென்னையில் ஒரு வேலையாக இருந்தார். அவள் இங்கே வந்ததே திரும்பிய பிறகுதான் தெரியும்.

இப்போது அவர் கைபேசியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் நடந்துகொண்டிருந்தார். சிக்னல் இல்லை.

"அந்த போன்ல நிலாவைக்கூட பக்கத்துல இழுத்துப் படம் எடுக்கலாமாம்," என்றார் சாரங்கபாணி. "பேச மட்டும் முடியாது." சாரங்கபாணியின் பழைய பட்டன் போனுக்கு மேட்டின் உச்சியில் இரண்டு கோடு சிக்னல் வரும் என்றாள் ஹலீமா. இங்கே எட்டுவது அந்த ஒரு கம்பெனியின் டவர்தான்.

கூடாரத்தைத் தொடக்கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்ததால் அது நட்டபடியே நின்றது. கனிமொழி அதன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். நிமிரவேயில்லை.

சாரங்கபாணி வந்து எட்டிப் பார்த்தார். கூடாரத்தைச் சுற்றி விரலாழத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்தை ஒட்டி ஒரு சாண் உயரத்தில் கரை.

"என்ன மேடம் இது, கூடாரத்துக்கு அரைஞாண் கட்டியிருக்காங்க?"

"வாய்க்கால்," என்றாள் கனிமொழி. "இது வரப்பு. சேறு பூசி அண்டை போட்டிருக்காங்க சார்."

மணலைக் குவித்துக் கரையாக்கி, காயல் பக்கத்துக் கறுப்புச் சேற்றை வாளியில் அள்ளி வந்து மேலே பூசியிருந்தார்கள். சேறு வெயிலில் ஓடுபோலக் காய்ந்துவிட்டதால் மூன்று நாள் காற்றுக்கும் கலையவில்லை. விரல் இழுத்த தடம்கூட அப்படியே இருந்தது. தாழ்ந்த பக்கத்தில் ஒரு மடை. மடையில் உமரிச் செடியைப் பிடுங்கித் திணித்து அடைத்திருந்தது. மடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சேற்று உருண்டை, தண்ணீர் வேகத்தில் கரை அரிக்காமலிருக்க. கனிமொழியின் அம்மா முப்பது வருஷம் ஊரார் வயல்களில் அண்டை போட்டவள். அவள் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத வேலை.

கனிமொழி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாய்க்காலில் அரை பாட்டிலைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடவில்லை. இருந்த இடம் தெரியாமல் மணலுக்குள் போய்விட்டது.

"அக்கா, நீங்க இப்படி வெட்டுவீங்களா?" என்று ஹலீமாவைக் கேட்டாள்.

"எதுக்கு? மணல்தான் குடிச்சிடுமே. மழை வந்தா தார்ப்பாயை இழுத்துக் கட்டுவோம், அவ்வளவுதான்." சனிக்கிழமை சாயந்திரம் வானம் கறுத்தது, ஆனால் பெய்யவில்லை என்றும் சொன்னாள். இந்த வரப்பை ஞாயிற்றுக்கிழமையே பார்த்தாளாம். பொழுது போகாமல் அந்தப் பெண் வீடு கட்டி விளையாடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம்.

கனிமொழிக்கு இப்போது காது சிவக்கவில்லை. வார்த்தை தானாக வந்தது. மணலில் படுத்துப் பழகியவர்கள் யாரும் மணலில் வாய்க்கால் வெட்டமாட்டார்கள். சென்னைக்காரிக்கு வரப்பென்றால் என்னவென்று தெரியாது. மேகத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் கை சேற்றுக்குப் போயிருக்கிறது என்றால் அந்தக் கைக்குக் களிமண் வயலைத் தவிர வேறு தரையே தெரியாது. ஆக, சனிக்கிழமை இங்கே ஷோபனா மட்டும் இல்லை. வயலில் பிறந்து வளர்ந்த இன்னொருவரும் இருந்திருக்கிறார்.

"அப்ப ஒரு கொலைகாரன் வந்திருக்கான்," என்றார் சாரங்கபாணி. "வந்தவன் முதல்ல வாய்க்காலை வெட்டி மடையை அடைச்சிட்டு, அப்புறம் கொலை பண்ணியிருக்கான். பொறுப்பான ஆள்."

"கொல்ல வந்தவன், அவ படுக்கிற இடம் நனையக்கூடாதுன்னு ஏன் சார் பார்க்கணும்?"

சாரங்கபாணி குனிந்து மடையை மறுபடி பார்த்தார்.

எப்படி வந்திருக்க முடியும் என்பதுதான் அடுத்த கேள்வி. ஹலீமா காயல் பக்கம் கையைக் காட்டினாள். மேற்கே காட்டை ஒட்டி இடுப்புக்கு மேல் தண்ணீர் கிடையாது. கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள் அந்த வழியில் நடந்தே வருவார்கள். சனிக்கிழமை மதியம் ஷோபனாவை விட்டுவிட்டுத் திரும்பும்போது அப்படி ஒருத்தி சேற்றில் நடந்து வருவதைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி என்று நினைத்தாள். யோசித்துப் பார்த்தால், இறால் போடுகிற பறி அவளிடம் இல்லை.

சேற்றில் மனிதரால் நடக்க முடியுமா என்று சாரங்கபாணி தானே இறங்கிச் சோதித்தார். இரண்டாவது அடியில் முழங்கால் வரை போயிற்று. மூன்றாவது அடி வரவே இல்லை. இரண்டு பெண்களும் கையைப் பிடித்து இழுத்தபோது ஆள் வந்தார், வலது செருப்பு வரவில்லை. நான்கு நாளில் முதல்முறையாக ஹலீமா சிரித்தாள்.

"காலைத் தூக்கக்கூடாது சார். நடவு நடுறப்ப மாதிரி உள்ளேயே தள்ளிட்டுப் போகணும்," என்றாள் கனிமொழி. "வழக்கப்பட்டவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா, வழக்கமில்லாதவங்களும் போயிடலாம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மூன்று பேரும் மேற்கே திரும்பிப் பார்த்தார்கள். அந்த வழியில் விடிவதற்குள் கரையேறினால் ஆற்றுப் பாலம் பஸ் நிறுத்தம் என்றாள் ஹலீமா. சாரங்கபாணி முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அங்கே முதல் வண்டி அஞ்சு அம்பது. கண்டக்டர் அவரிடம் தொழில் பழகிய இனியவன். ஒற்றைச் செருப்போடு, போனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

அந்த நேரத்தில்தான் சதீஷ் வந்தார். என்ன கிடைத்தது என்று கேட்டார்.

கனிமொழி சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். வாய்க்கால், சேறு, நடந்து வந்தவள், பஸ் எல்லாவற்றையும். உங்கள் மனைவி உயிரோடு இருக்கலாம் என்று ஒரு மனிதரிடம் சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவர் அழுவார், அல்லது அப்படியே மணலில் உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் உட்காரத்தான் செய்தார். மடைக்கு முன்னால் குந்தி, அந்த இரண்டு உருண்டைகளையும் பார்த்தார்.

"மேகலா," என்றார். "எங்க நடவு ஆளு. மடைக்கு ரெண்டு பக்கமும் இப்படி உருண்டை வைக்கிறது எங்க ஊர்ல அவ ஒருத்திதான். மூணு நாளா வேலைக்கு வரல."

எழுந்தார். வெள்ளை ஷூவால் ஓர் உருண்டையை மிதித்தார். காய்ந்த சேறு மொடுக்கென்று உடைந்தது.

"எங்க இறங்கினாங்க?" என்று கேட்டார்.

கனிமொழி அவரைப் பார்த்தாள். மனைவி நன்றாக இருக்கிறாளா என்று அவர் கேட்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை. காணாமல் போன சாவி எங்கே என்று தெரிந்துவிட்ட ஓர் அமைதி இருந்தது. இரண்டு தடவையும் நானே போய் அழைத்து வந்தேன் என்று காரில் சொன்ன குரல் அவளுக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

எங்கே இறங்கினார்கள் என்று இன்னும் தெரியவில்லை என்றாள். அது அப்போது உண்மையும்கூட.

சதீஷ் ஹலீமா பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து புகாரின் நகலை எடுத்து, அவள் கண்ணெதிரே நாலாகக் கிழித்தார். காற்று அதைக் காயல் பக்கம் கொண்டுபோயிற்று.

"உங்க மேல இனி ஒரு பிரச்சினையும் இல்ல. ஸ்டேஷன்ல நானே சொல்லிடுறேன். படகை எடுங்க. இப்பவே போகணும்."

ஹலீமா அந்தத் துண்டுகளைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் காகிதத்தை நினைத்து மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை.

சாரங்கபாணி மேட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். வாயைத் திறந்தவர் கனிமொழியின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தது ஈ ஓட்டுவது போலத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தை வைத்தே கண்டுபிடித்தவருக்கு அது போதும்.

"இனியவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்," என்றார் சாவகாசமாக. "முதல் வண்டியில தூங்கிட்டே டிக்கெட் கிழிக்கிற பய. அவன்கிட்ட போய்க் கேட்டேன் பாருங்க."

நானே பேசிப் பார்க்கிறேன், அந்த மேட்டில் எனக்கும் கிடைக்கும் என்று சதீஷ் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஏறினார். அவர் காது எட்டாத தூரம் போனதும் சாரங்கபாணி சொன்னார். இந்தத் தடவை அதில் வேடிக்கை எதுவும் இல்லை. ஞாயிறு முதல் வண்டியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். இடுப்பு வரை சேறு. இளையவளின் இடது கையைத் துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. சீட் அழுக்காகும் என்று மூத்தவள் தரையில் உட்கார்ந்து, இளையவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். திருத்துறைப்பூண்டி பெரியாஸ்பத்திரி வாசலில் இனியவன் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறான்.

"சேத்துல விழுந்து கை உடைஞ்சிருக்கும் போல," என்றார்.

"இல்லண்ணே," என்றாள் ஹலீமா. "சனிக்கிழமை வரும்போதே அந்தக் கை அப்படித்தான் இருந்துச்சு. படகுலேர்ந்து இறக்க பிடிச்சேன், உசுரு போற மாதிரி கத்திடுச்சு. குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்னுது. கழுத்துல இருந்த தடமும் குளியலறைதானான்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல." மேட்டில் நின்ற சதீஷைப் பார்த்தாள். "போலீஸும் என்கிட்ட லைஃப் ஜாக்கெட் எத்தனைன்னுதான் கேட்டாங்க."

கனிமொழி மணலைப் பார்த்தாள். எங்கே ஓடினாலும் அழைத்து வந்துவிடுகிற ஒருவனிடமிருந்து போவதற்கு ஷோபனாவுக்கு மிஞ்சியது ஒரு வழிதான்: செத்துப்போவது. வயல்வேலை செய்கிற ஒருத்தி அதற்குக் கைகொடுத்தாள். வானம் கறுத்ததைப் பார்த்து, பழக்கத்தில், ஒரு வரப்பும் போட்டுவிட்டாள். அந்த வரப்பை வாசித்துக் கணவனுக்கே பொருள் சொன்னது தான்தான்.

படகுத்துறையில் சதீஷின் கார் நின்றது. அங்கிருந்து திருத்துறைப்பூண்டிக்கு முக்கால் மணி நேரம். மேகலாவின் ஊருக்கும் உறவுக்கும் ஆள் விட்டால் ஆஸ்பத்திரிப் பெயர் தெரிய அதுகூட ஆகாது.

"அக்கா," என்றாள், "அவர் சொன்ன மாதிரி இப்ப படகை எடுத்தீங்கன்னா நாலு மணிக்கு நீங்க எங்கேயும் போக வேண்டியதில்ல. எடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல."

ஹலீமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பலகையை எடுத்துப் படகுக்குள் போட்டாள். மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சதீஷ் சிக்னல் கிடைக்காத எரிச்சலோடு இறங்கி வந்தார்.

"தண்ணி வத்திடுச்சு சார். ஆழத்துக்குத் தள்ளினாத்தான் என்ஜின் போடலாம். நீங்களும் ஒரு கை பிடிச்சா சீக்கிரம் ஆகும்."

அவர் சேற்றைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார்.

"அதுக்குத்தானே நீங்கல்லாம் இருக்கீங்க," என்றார்.

"அப்ப நில்லுங்க சார். கூப்பிடுறோம்."

மூன்று பேரும் தள்ளினார்கள். சாரங்கபாணி படகைப் பிடித்துத் தொங்கினார் என்பதுதான் சரி. பத்தடி, இருபது, ஐம்பது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் ஹலீமா தாவி ஏறி, கனிமொழியை இழுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாரங்கபாணியை மூட்டைபோல உருட்டிப் போட்டார்கள். என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது.

சதீஷ் முதலில் கையைக் காட்டி அழைத்தார். படகு வட்டமடித்துத் திரும்பும் என்று எண்ணியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஓடிவந்தார். ஆறு வேலி நிலத்துக்குச் சொந்தக்காரர் சேற்றில் வைத்த முதல் அடி அதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது அடியில் நின்றுபோனார். பிறகு நாலு காலில் தவழ்ந்து மணலுக்குத் திரும்பியது தெரிந்தது.

"கூடாரம் இருக்கு, கேன் இருக்கு, அரிசி இருக்கு," என்று சாரங்கபாணி மூச்சு வாங்கினார். "பாதுகாப்புக் குறைவுன்னு அறிக்கை எழுத முடியாது மேடம்."

சாயந்திரம் போலீஸ் படகோடு வந்து அழைத்துப் போகலாம் என்றாள் ஹலீமா. அதுவரை அவர் எங்கும் போக முடியாது, யாரையும் கூப்பிட முடியாது.

காட்டின் விளிம்பில் பட்டன் போனுக்குச் சிக்னல் வந்தது. சாரங்கபாணி ஆஸ்பத்திரி எண்ணைப் போடப்போனபோது கனிமொழி தடுத்தாள்.

"ஷோபனான்னு கேக்காதீங்க. செத்துப்போனவ சொந்தப் பேர்ல படுக்கமாட்டா. மேகலான்னு ஒரு பேஷன்ட் இருக்காங்களான்னு கேளுங்க."

இருந்தாள். பெண்கள் வார்டு, இடது கை எலும்பு முறிவு. மங்களாம்பிகை என்ற நர்ஸ் போனைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ஹலீமா என்ஜினை நிறுத்தினாள்.

கனிமொழி தான் யார் என்று சொன்னாள். தான் செய்த தப்பையும் சொன்னாள். அவர் திட்டில் இருக்கிறார், சாயந்திரம்வரை வர முடியாது, அதற்குள் இடம் மாறிவிடுங்கள் என்றாள். தண்ணீர் படகின் அடியில் மொத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மெல்லிய குரல் கேட்டது. "அந்தக் கூடாரக்கார அம்மாவை ஒண்ணும் பண்ணலையே?"

ஹலீமா நிமிர்ந்தாள்.

கனிமொழி மறைக்கவில்லை. நான்கு மணி, காவல் நிலையம் என்று சொன்னாள்.

"செருப்பை வச்சப்ப அவங்களைப் பத்தி நினைக்கல," என்றது குரல். "படுத்ததுலேர்ந்து அது ஒண்ணுதான் நினைப்பு." பக்கத்தில் இன்னொரு பெண் ஏதோ சொல்வதும், வேண்டாம் என்று இவள் மறுப்பதும் கேட்டன. "இடம் மாறல. நானும் மேகலாக்காவும் ஸ்டேஷனுக்கு வர்றோம். கையையும் காட்டுறேன், கழுத்தையும் காட்டுறேன். அவங்களை எங்களுக்கு முன்னாடி உள்ள போக வேணாம்னு சொல்லுங்க."

கனிமொழி ஹலீமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹலீமா முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, என்ஜின் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.